வி, ஏ, எல், ஐ

பதினான்கு ஸ்க்ரூவில் பதிமூன்று கழன்று காபி டபராவுக்குள் வந்து சேர்ந்தாயிற்று. பதினான்காவது மட்டும், நான் வரமாட்டேன் உன் வேலையைப் பார், என்று உட்கார்ந்திருந்தது. தலை மழுங்கிய ஸ்க்ரூ. மழுக்கிய மகானுபாவர் யார் என்று எபனேசர் யோசிக்கவே வேண்டாம், அவரேதான். தூத்துக்குடியில் கச்சேரி இருந்த ஒரு நாள், கையில் சரியான திருப்புளி இல்லாமல் வெண்ணெய் தடவுகிற கத்தியால் திருகியது, ஹெப்சி பக்கத்தில் நின்று "பைய அத்தான், பைய" என்று சொல்லச் சொல்லத் திருகியது. சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து அதன்மேல் பெட்டியைக் குப்புறப் படுக்கப் போட்டிருந்தார். அறுபத்தொரு கட்டை, கறுப்பு உடம்பு, ஜப்பான்காரன் செய்து சிங்கப்பூர்க்காரன் வாசித்து அலுத்துப் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த பெட்டி. வெறும் கீபோர்ட் இல்லை, சிந்தசைசர். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் ஹெப்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கீபோர்டுல கடைக்காரன் போட்டுக் குடுத்த சத்தம்தான் வரும், இதுல நாமளே சத்தம் செய்யலாம், செஞ்சு பேரு வச்சு உள்ள பூட்டி வைக்கலாம், அறுபத்து நாலு ரூம் இருக்கு அத்தான், என்பாள். அறுபத்து நாலையும் நிரப்பிவிட்டுத்தான் போனாள். போய் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் பெட்டி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அவளுடைய பழைய வாயில் சேலையைப் போர்த்திக்கொண்டு நெட்டுக்குத்தலாக நின்றது. இவர் தினம் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போவார், சாப்பிட வருவார், தூங்கப் போவார். போன வாரம் எட்வின் மட்டும் போன் பண்ணாமல் இருந்திருந்தால் இன்னும் ஆறு வருஷம் அப்படியே நின்றிருக்கும். அவள் கச்சேரிப் பார்ட்டியில் பேஸ் கிட்டார் வாசித்த பையன், இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது, வேறு எதற்கோ கூப்பிட்டவன், வைக்கப்போகிற நேரத்தில், "அண்ணே, அக்கா பெட்டியை ஆன் பண்ணிப் பாத்தியளா? உள்ள ஒரு பட்டன் பேட்டரி உண்டும். அது செத்துட்டுன்னா அக்கா போட்டுவச்ச சவுண்டு அம்புட்டும் போயிரும், ஒண்ணு மிஞ்சாது. என் பிரண்டு ஒருத்தனுக்கு அப்படித்தான் போயிட்டு, அதான் சொல்லுதேன்" என்றான். சரிப்பா, பார்க்கிறேன், என்று எபனேசர் போனை வைத்தார்.

அன்றைக்கே ஆன் பண்ணிப் பார்த்தார். பச்சை வெளிச்சத்தில் பேட்டரி தீருகிறது என்று எழுத்து ஓடியது. பெட்டி சாகவில்லை, சாகக் கிடந்தது. அறுபத்து நாலாவது எண்ணை அமுக்கினார். VALI என்று வந்தது. வி, ஏ, எல், ஐ. கட்டையைத் தொடவில்லை. அணைத்துவிட்டார். இதே காரியத்தைத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால், அடக்கம் முடிந்த மூன்றாம் நாளும் செய்தார். உறவுக்காரர்கள் எல்லோரும் போன பிறகு, வீட்டில் யாரும் இல்லாத முதல் மத்தியானம், அவள் விரல் பட்ட பெட்டி என்று ஆசையாகப் போட்டார், கடைசியாக அவள் எதைத் திறந்து வைத்திருந்தாளோ அதையே பெட்டி காட்டியது. வலி. மூன்று நாலு மாசமாக அவள் சொல்லிக்கொண்டிருந்த சொல். வயித்துக்குள்ள என்னமோ பெசையுது அத்தான், என்றாள், ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுத்தார். முதுகுப் பக்கம் இழுக்கு அத்தான், என்றாள், ஆம்ப்ளிபயரை எல்லாம் ஏன் நீ தூக்குகிறாய், எட்வின் இல்லையா, என்று வைதார். சூடு, வாயு, நேரம் கெட்ட நேரத்தில் கச்சேரிச் சாப்பாடு, புரோட்டா, இப்படி அவருக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் பேசினார். டாக்டர் படத்தைத் தூக்கி விளக்கில் பிடித்துக் காட்டினபோது கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு வாரம். பிப்ரவரியில் அவள் இல்லை. டாக்டரிடம் போவதற்கு முன்னால், அந்த மழை மாசம், கார்த்திகை, அவள் கச்சேரிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்த மாசம், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இந்தப் பெட்டிமுன் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒரு சத்தம் வராது. பொத்தான் அமுக்குகிற டிக் டிக் மட்டும் கேட்கும். ஒருநாள் இவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தாள். என்ன பண்ற ஹெப்சி, என்றார். ஒண்ணுமில்ல, முடிச்சுட்டுச் சொல்லுதேன், என்றாள். அதோடு விட்டுவிட்டார். கேட்டிருக்கலாம். எழுந்து போய் அந்த ஹெட்போனை வாங்கி ஒரு காதில் வைத்திருக்கலாம். நாலடி தூரம். வாய்விட்டுச் சொன்னபோது ஓமத்தண்ணி கொடுத்த மனுஷனிடம் இனி என்ன சொல்ல என்று வலியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள், கடைசி அறையில், மேலே பெயரும் எழுதி. இதுதான் எபனேசர் கண்ட உண்மை. இதைத்தான் ஆறு வருஷமாகச் சேலையால் மூடி வைத்திருந்தார். கேட்கவும் பயம், கேட்காமலே அது போய்விட்டால் அவள் கடைசியாகச் சொன்னதை இந்த உலகத்தில் ஒருத்தன்கூடக் கேட்கவில்லை என்றாகிவிடுமே என்று அதைவிடப் பெரிய பயம். பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் ஒரு வாரம் நடந்தார். இன்றைக்கு மத்தியானம் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டு, கை கழுவி, மேஜையைத் துடைத்து, போர்வையை விரித்துவிட்டார்.

ரப்பர் பேண்டை ஸ்க்ரூ தலையில் வைத்து அதன்மேல் திருப்புளியை அழுத்தித் திருகினால் மழுங்கின ஸ்க்ரூவும் வரும் என்று எங்கோ கேட்டது நினைவு வந்தது. வந்துவிட்டது, சனியன். அடித்தகடு தனியாகக் கழன்றது. உள்ளே பச்சைப் பலகை, அதில் கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள், மூலையில் தூசிப் பந்து, ஒரு கரப்பான் காய்ந்து கால் மடக்கிக் கிடந்தது, பக்கத்தில் இரண்டு வெள்ளை முட்டை. பல்லி முட்டை. குஞ்சு பொரித்துப்போன வெறும் ஓடு. எபனேசருக்குச் சிரிப்பு வந்தது, தனியாக இருக்கிற ஆளுக்கு வருகிற சிரிப்பு, மூக்கு வழியாக வந்து அங்கேயே நின்றுவிடுகிற சிரிப்பு. ஏனென்றால் முப்பத்திரண்டாம் நம்பர் பல்லி. அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா, ஹெப்சிக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும் என்று நம்பர் மாற்றுகிற உத்தியோகத்தை இவரிடம் கொடுத்திருந்தாள், பிள்ளைகள் பிரார்த்தனைப் பாட்டுக்கு எழுந்து நிற்கிறார்கள், இவர் பட்டியலைப் பார்க்கிறார், பி ஏ எல் எல் ஐ, ஆஹா பள்ளி, பள்ளிக்கூடத்துக்கு என்றே செய்து வைத்திருக்கிறாள் என்று பெருமையாக அமுக்கிவிட்டார். ஹெப்சி முதல் கட்டையைத் தொட்டதும் நாலு பெரிய ஸ்பீக்கரிலும் த்ச் த்ச் த்ச் என்று பல்லி கத்திற்று. தலைமையாசிரியை அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் ஆட்டோவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பேய்ப் படத்துக்குப் போட்ட பல்லியைப் போயி பிரார்த்தனைக்கு விட்டுட்டியளே!" இவருக்கு ரோஷம். நீ ஒழுங்காக எழுதினால்தானே, என்றார். "பத்து எழுத்துக்குள்ள அடக்கணும், அதுவும் இங்கிலீஷுல. ழ-வுக்கு மட்டும் இசட் ஹெச் போடுவேன். மத்ததெல்லாம் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிடணும். கேட்டாத்தான தெரியும் அத்தான்?" என்றாள். ழ-வுக்கு மட்டும் இசட் ஹெச். மழைக்கு உண்டு, குழலுக்கு உண்டு. ஆகவே இது வழி இல்லை. அந்தக் கதவையும் எபனேசர் எப்போதோ தட்டிப் பார்த்துவிட்டார். வழியாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், போகிறவள் வழி என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள் என்று ஞாயிற்றுக்கிழமை சபையில்கூடச் சொல்லலாம். இசட் ஹெச் இல்லையே.

தூசியைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளினார். பேட்டரி தெரிந்தது. எட்டணா அகலம், வெள்ளி நிறம், இரண்டு தகரக் காலை மடக்கிப் பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தான். மீட்டரை வைத்தார். மூன்று வோல்ட் இருக்க வேண்டியது இரண்டே கால். இன்னும் கொஞ்சம் இறங்கினால் அறுபத்து நாலு அறையும் காலி. எபனேசருக்கு இது தெரியாத வேலை இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவர். பெரம்பூரில் பிறந்து, வேலை கிடைத்துப் பாளையங்கோட்டைக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டவர். பெண் எடுத்த கதையும் எக்ஸ்சேஞ்ச் கதைதான். ஒரு பாதிரியார் வீட்டிலிருந்து புகார் வந்திருந்தது, டயல் டோனில் சுருதி குறைகிறதாம். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. லைன் அறுந்தது என்பான், குறுக்கே பேச்சு கேட்கிறது என்பான், சுருதி குறைகிறது என்று எவனாவது புகார் கொடுப்பானா? போய்ப் பார்த்தால் பாதிரியார் தங்கச்சி, இரட்டைச் சடை போட்ட வயசெல்லாம் தாண்டினவள், ரிசீவரை ஒரு காதில் வைத்து ஆர்மோனியத்தை ஒரு கையில் அமுக்கி, "இந்தா பாருங்க, போன மாசம் இதுல நின்னுச்சு, இப்ப இதுல நிக்கி" என்றாள். திரும்பி வந்து கருவி வைத்து அளந்து பார்த்தார், அவள் சொன்னது சரி. அந்தக் காதை நம்பித்தான் கல்யாணம் பண்ணினார் என்றுகூடச் சொல்லலாம். எந்த மோட்டாரில் பேரிங் போகிறது, எந்த டாங்கில் தண்ணீர் குறைகிறது என்று அடுப்படியில் நின்றபடியே சொல்வாள். விடிகாலை குழாயில் தண்ணீர் பிடிக்கிறது இவர் வேலை, பக்கெட்டைக் குழாயடியில் வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிவிடுவார், உள்ளிருந்து சரியாக விளிம்புக்கு ஒரு விரல் இருக்கும்போது அவள் குரல் வரும், "அத்தான், நெறஞ்சிட்டு!" எப்படித் தெரிகிறது என்று கேட்டால், கீழ ச-வுல ஆரம்பிச்சு மேல ப-வுக்கு வந்தா மூடணும், இதுகூடவா தெரியாது மெட்ராஸ்காரவுகளுக்கு, என்பாள். அப்படித்தான் இருபத்தேழு வருஷம் ஓடிற்று, அவள் பாஷை ஒன்று, இவர் பாஷை ஒன்று. லுங்கிக்குச் சாரம் என்பாள், பாத்திரத்துக்கு ஏணம் என்பாள், இவர் லுங்கியையே கட்டினார், பாத்திரத்தையே கழுவினார். அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது 'பைய' ஒன்றுதான். பிள்ளை இல்லாத வீட்டில் இரண்டு பாஷை. இப்போது ஒன்றும் இல்லை. காலையில் பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்றது. அதற்குப் பிறகு இன்றைக்கு வாயைத் திறக்கவே இல்லை என்று சால்டரிங் அயர்னைச் சொருகும்போது ஞாபகம் வந்தது.

புதுசைக் கட்டாம பழசை அவுக்காதே. அதுதான் எக்ஸ்சேஞ்சில் முதல் பாடம், பேட்டரி ரூமில் நுழைந்த அன்றே வேலப்பன் சார் சொல்லிக் கொடுத்தது. ஊரே பேசிக்கொண்டிருக்கும், ஒரு பேச்சும் அறுபடக்கூடாது, ஆனால் பேட்டரியை மாற்றியாக வேண்டும். ஆகவே புதுசைப் பக்கத்தில் இழுத்துக் கட்டு, இரண்டும் சேர்ந்து சுமக்கட்டும், பிறகு பழசை அவிழ். ஊருக்கெல்லாம் அப்படி மாற்றியவர்தான். சொந்தக் காரியத்தில் பழசு அவிழ்ந்துபோய் ஆறு வருஷமாகப் புதுசு ஒன்றும் கட்டவில்லை, இருட்டில்தான் ஓடுகிறது, அது கிடக்கட்டும். இரண்டு டார்ச் செல்லை ஒரு டப்பாவில் போட்டுச் சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒயர் ஒன்று இழுத்து வைத்திருந்தார். அயர்ன் சூடானதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பலகையில் வைக்க வேண்டும், கரண்ட் கசிந்தால் சில்லு போய்விடும். சூடாக்கு, பிடுங்கு, வை. சிவப்பு ஒட்டியது. சூடாக்கு, பிடுங்கு, வை. கறுப்பும் ஒட்டியது, ஆனால் மனசுக்குப் பிடிக்கிற மாதிரி ஒட்டவில்லை, ஈயம் பளபளவென்று ஓடாமல் மங்கலாகக் குந்திக்கொண்டது. வலது கண்ணில் புரை. கையில் ஒரு சின்ன ஆட்டம், தம்ளரில் தெரியாது, ஊசிமுனையில் தெரியும். போதும், இனிப் பழசு. முதல் கால் நல்ல பிள்ளையாக வந்தது. இரண்டாவது கால் வரவில்லை. மறுபடி சூடாக்கி, பிடுங்கி, வைத்து, குறட்டால் மெதுவாக இழுத்தார், அப்போது பார்த்து மாடியிலிருந்து செண்பகம் குரல் கொடுத்தாள். "சார், தண்ணி வருது! சாயந்திரம் வராதாம், பிடிச்சுக்கிடுங்க!" வீட்டுக்காரர் மருமகள், நல்ல பிள்ளை, தினம் தவறாமல் சொல்வாள். வரேம்மா என்று சொல்ல வாயைத் திறந்தவர் குரல் வராமல் கனைத்தார், கனைத்த அதிர்வில் குறடு வெடுக்கென்று வந்தது, தகரக்கால் அறுந்தது, கை போய்க் கறுப்பு ஒயரில் மோதியது, ஒயர் துள்ளி எழுந்து அந்தரத்தில் நின்றது. பழசும் இல்லை. புதுசும் இல்லை. எபனேசர் ஒயரைப் பெருவிரலால் அதே இடத்தில் வைத்து அமுக்கினார். எவ்வளவு நேரம்? ஒரு நொடியா, இரண்டா? பக்கத்தில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கிறது, அது தம்ளர் அடியில் மிஞ்சின காபி மாதிரி கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும், இரண்டு நொடி தாங்கும், மூன்றுகூடத் தாங்கும், தாங்க வேண்டும், ஆண்டவரே தாங்க வேண்டும். பெருவிரல் சுட்டது. எடுக்கவில்லை. முற்றத்துக் குழாய் கவனிப்பாரில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது, நேராகச் சிமெண்டுத் தரையில், சடசடவென்று. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, வராமல் இருந்திருக்கலாம்: வழுக்கியது கையா, நானா? போனால் போகட்டும் என்று உள்ளே ஒருத்தன் இருக்கிறான், ஆறு வருஷமாக இருக்கிறான், அந்தச் சத்தம் தொலைந்தால் விட்டது சனியன் என்று வெற்றிலை போட்டுக்கொள்வான், அவனா தட்டிவிட்டது? இல்லை, செண்பகம் கூப்பிட்டாள், கனைத்தேன், குறடு வெடுக்கென்று வந்தது. கூப்பிட்டது கூப்பிட்டாள், நீ ஏன் கனைத்தாய்? வரேம்மா என்று சொல்ல. ஓமத்தண்ணி கொடுத்ததும் நல்லெண்ணத்தில்தான் கொடுத்தாய். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, பெருவிரல் மரத்துப்போன பிறகு இடது கையால் அயர்னைச் சொருகி, பிடுங்கி, கறுப்பு ஒயரை இரண்டாம் முறை பற்றவைத்தார். இந்தத் தடவை ஈயம் ஓடியது. அதன்பின் எல்லாம் கழுதை மாதிரி அடக்கமாக நடந்தது. பேட்டரிக்கு ஒரு சின்னக் கூடு வைத்தார், புதுப் பேட்டரியை அதில் தள்ளினார், மீட்டர் மூன்று என்றது, டார்ச் செல்லை அவிழ்த்தார். வெளியே குழாய் சீறி, இருமி, நின்றுவிட்டது. தகட்டை மூடிப் பதிமூன்று ஸ்க்ரூ போட்டார். மழுங்கினதைத் தூக்கி எறிந்தார்.

நிமிர்த்திப் போட்டு, ஒயரை ஆம்ப்ளிபயரில் சொருகி, எபனேசர் சுவிட்சில் விரலை வைத்தார். என்னத்துக்குக் கெஞ்சுகிறோம் என்றே தெரியாமல் கெஞ்சினார். இருக்கட்டும் என்றா, இல்லாமல் போகட்டும் என்றா? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன. போட்டார். பச்சை வெளிச்சம். பேட்டரி புகார் இல்லை. முதல் அறை, குழல், இசட் ஹெச்சோடு. இருந்தது! ஏழாவது மழை. பன்னிரண்டாவது கே ஏ டி ஹெச் யு, காத்து, புயல் பாட்டுக்காகச் செய்தது, அதையும் இவர் முதலில் கத்து என்று படித்து, எதற்கடி கத்தவேண்டும் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். முப்பத்திரண்டு பல்லி. எல்லாம் இருந்தன, பெயர்கள் மட்டுமாவது இருந்தன. அறுபத்து மூன்று. அறுபத்து நாலு. வி, ஏ, எல், ஐ. எபனேசர் நடுவில் இருந்த ஒரு வெள்ளைக் கட்டையைத் தொட்டார், சுடுகிற தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி தொட்டு எடுத்தார். டொக். அவ்வளவுதான். பிளாஸ்டிக் டப்பாவைத் தரையில் வைத்த மாதிரி ஒரு டொக். மறுபடி தொட்டார். டொக். வேறு கட்டை. டொக், கொஞ்சம் கனமாக. பெயர் தங்கிச் சத்தம் போய்விட்டது. அந்த ஒரு நொடியில், அந்தரத்தில் ஒயர் நின்ற அந்த ஒரு நொடியில் போய்விட்டது. அவருக்குக் கோபம் வரவில்லை, அழுகை வரவில்லை, ஒரு பெரிய சோர்வு வந்தது. பிறகு, பழக்கதோஷம், எக்ஸ்சேஞ்ச் புத்தி, லைனைச் சோதிக்காமல் செத்துப்போச்சு என்று எழுதாதே என்றது. பின்பக்கம் ஒயர் சொருகுகிற ஓட்டையில் எப்போதும் ஒரு லூஸ் உண்டு, பாதிச் சத்தத்தை விழுங்கிவிடும். அதை ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் அது ஒற்றை ஆள் வேலை இல்லை. முன்னால் ஒருத்தர் கட்டையை அமுக்கிப் பிடிக்க வேண்டும், பின்னால் ஒருத்தர் குனிந்து ஆட்ட வேண்டும். இப்ப வருதா என்று இவர் பின்னாலிருந்து கேட்பார், வரல என்பாள், இப்ப என்பார், வருது வருது விட்டுராதிய என்பாள். "இப்ப வருதா?" என்று எபனேசர் வாய்விட்டே கேட்டுவிட்டார். காலி வீட்டில் அவர் குரல் அவருக்கே புதுசாக இருந்தது. வெட்கமாகப் போயிற்று. தீப்பெட்டியைக் கிழித்து மடித்துக் கட்டையை அமுக்கி அதன் இடுக்கில் ஆப்பு மாதிரி சொருகிவிட்டு, டொக் என்று அது சொன்னதைக் கேட்டுக்கொண்டே, மேஜையைச் சுற்றிப் பின்பக்கம் போய் முட்டி போட்டார். ஒயரை ஆட்டினார். கர்ர் என்றது. திருகினார்.

முற்றத்தில் குழாய் திறந்துகொண்டது. அடச்சே, நின்ற தண்ணீர் மறுபடி வந்துவிட்டதே, திறந்தே கிடந்ததா என்று எபனேசர் ஒயரை விட்டார். செண்பகம் வேறு சாயந்திரம் வராது என்றாள். கீழே, கனமாக, காலிப் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் இறங்குகிற சத்தம். பிடித்து வைத்தால் நாளைக்கு ஆகும். மேஜைக்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடுப்படியைக் கடந்து, பின்கதவைத் திறந்து முற்றத்துக்குப் போனார். குழாய் திறந்துதான் கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. அடியில் சிமெண்டு பாதி காய்ந்துவிட்டது. பக்கெட் காலையில் இவர் கவிழ்த்து வைத்தபடியே கவிழ்ந்திருந்தது. ஆனால் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, வீட்டுக்குள்ளே. அவர் திரும்பினார். சத்தம் இப்போது கனம் குறைந்திருந்தது, மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது, கால் பாகம், அரைப் பாகம், கீழ ச-வில் ஆரம்பித்து மேலே, மேலே. எபனேசர் குனிந்து பக்கெட்டை எடுத்தார், எதற்கு எடுத்தார் என்று தெரியாது, எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டார். பக்கெட். அவர் வாயில்தான் அது பக்கெட். பக்கெட்டாம் பக்கெட்டு, தொரை வந்துட்டாரு, என்பாள் அவள். அவள் வாயில் அது ஒருநாளும் பக்கெட்டாக இருந்ததில்லை.

வாளி.

காத்துக்கும் அவள் ஒரே ஒரு ஏ-தான் போட்டிருந்தாள். அந்த டொக், வாளியைக் குழாயடியில் வைக்கிற சத்தம்; கட்டையை விடாமல் அமுக்கிப் பிடித்தால்தான் தண்ணீர் வரும். ஐயோ ஹெப்சி, ஐயோ என் ராசாத்தி, வாளியா? அவர் அடுப்படி வாசலில் பக்கெட்டோடு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உதட்டைக் கடித்து உட்கார்ந்திருந்தாளே, அது சிரிப்பு, சிரிப்பை அடக்கின மூஞ்சி. ஆட்டோவில் பல்லிக்காகச் சிரித்தாளே, அதே மூஞ்சிதான். முடிச்சுட்டுச் சொல்லுதேன் என்றாள். ஒருநாள் விடியாத நேரத்தில் இதைப் போட்டுவிட்டு இவரைத் தூக்கத்திலிருந்து முற்றத்துக்கு ஓடவைக்கத்தான் செய்து வைத்தாள், கட்டாயம் அதற்குத்தான், அதற்குள் முடியாமல் போயிற்று. வலி இருந்தது; அது பொய்யில்லை, இவர் கேட்காமல் விட்டதும் பொய்யில்லை, அதை எந்தச் சத்தமும் வந்து துடைத்துவிடாது. ஆனால் பெட்டிக்குள் அவள் போட்டது அதை இல்லை. ஆறு வருஷம் ஒரு வாளிக்குப் பயந்து, சேலையைப் போர்த்தி, சுவரோரமாக நடந்து குளிக்கப் போயிருக்கிறார். எபனேசர் சிரித்தார், மூக்கோடு நிற்காமல் வாய்வரைக்கும் வந்தது, வந்தபோது அது வேறாக மாறியிருந்தது. உள்ளே முக்கால் பாகம் தாண்டிவிட்டது. ப-வைத் தொட்டது. தொட்டு, அங்கேயே நின்று, விளிம்பில் தளும்புகிற மாதிரி நடுங்கத் தொடங்கியது. இப்போது குரல் வர வேண்டும். இருபத்தேழு வருஷம் ஒருநாளும் தவறாத இடம் அது. அத்தான், நெறஞ்சிட்டு. அவர் காத்திருந்தார். அடுப்படி, மேஜை, டபரா, மாடியில் செண்பகம் எதையோ நகர்த்துகிற ஓசை, தளும்புகிற தண்ணீர். யாரும் கூப்பிடவில்லை. மூட வேண்டியது எப்போதும் இவர் வேலைதான். எழுந்து போய் அந்தத் தீப்பெட்டி அட்டையைப் பிடுங்கினால் போதும். போனார், மேஜை முன்னால் நின்றார், கையை நீட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழிந்தால் வழியட்டும்.